வாய்தா

"சௌக்கியமா?" என்று கேட்பதில் நம்மவர்களுக்கு நிகர் கிடையாது. பஸ் புறப்பட்டு நகர்ந்த பிறகுகூட ஜன்னல் வழியாகக் கேட்டுவிடுவார்கள். பதிலுக்கு யாரும் காத்திருப்பதில்லை. காத்திருக்க வேண்டியதும் இல்லை. கேட்டவருக்கும் திருப்தி, கேட்கப்பட்டவருக்கும் திருப்தி.

என்னிடம் மட்டும் இந்தக் கேள்வி வேறு தினுசாக வருகிறது. கல்யாண வீட்டில் பந்தியிலிருந்து எழுந்து கை கழுவும் இடத்தில் நெருங்கி வந்து, குரலை ஒரு படி இறக்கி, "இப்போ ஒண்ணும் இல்லையே?" என்பார்கள். அந்த 'ஒண்ணும்' என்ற சொல்லுக்குள் அவர்கள் பெயர் சொல்ல விரும்பாத நோய் உட்கார்ந்திருக்கிறது. "ஒண்ணும் இல்லை" என்று நான் சிரிப்பேன். அவர்கள் முகம் மலரும். நல்ல எண்ணத்தோடு கேட்கிறவர்கள்தாம். குறை சொல்ல எனக்கு வாய் வராது. நான் சொல்வதும் பொய் அல்ல. ஆனால், "அதற்கு என்ன அத்தாட்சி?" என்று அவர்களில் ஒருத்தி திருப்பிக் கேட்டால், நான் விழிக்க வேண்டியதுதான்.

2013-ஆம் வருஷம் ஆவணி மாதம் என் இடது மார்பகத்தில் கட்டி ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. புளியங்கொட்டை அளவுதான். அப்போது எனக்கு முப்பத்தாறு வயது. அக்குளில் ஒரு முடிச்சிலும் அது போய்ச் சேர்ந்திருந்தது. அறுவைச் சிகிச்சை, ஆறு தடவை கீமோ, இருபத்தைந்து நாள் கதிர்வீச்சு. முடி கொட்டியது, மறுபடி முளைத்தது. அந்த எட்டு மாதத்தை விவரிக்கப் போவதில்லை. உண்மையைச் சொன்னால், அந்த எட்டு மாதமும் நான் பயந்ததே குறைவு. இன்றைக்கு ரத்தப் பரிசோதனை, நாளைக்கு ஊசி, அடுத்த நாள் வாந்தி என்று ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வேலை இருந்தது. வேலை இருக்கிறவளுக்குப் பயப்பட ஏது பொழுது? பயம் வந்து சேர்ந்தது எல்லாம் முடிந்த பிறகு. "இனிமேல் ஆறு மாசத்துக்கு ஒரு தடவை வந்தால் போதும்" என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். என் கணவர் கைகூப்பினார். எனக்கோ, நடு ஆற்றில் ஓடத்திலிருந்து இறக்கிவிட்டு, 'இனி நீங்களே போய்க்கொள்ளலாம்' என்று சொன்னதுபோல் இருந்தது.

இது புதிதாக வந்த பயம் என்று எனக்கு ஓர் எண்ணம் உண்டு. என் பாட்டியின் தங்கைக்கும் இதே நோய்தான் வந்ததாம். வெளியே சொல்லக் கூசிக்கொண்டு, மஞ்சளையும் சுண்ணாம்பையும் குழைத்துப் பற்றுப் போட்டுக்கொண்டு, வருஷம் திரும்புவதற்குள் கண்ணை மூடிவிட்டாள். திரும்பி வருமோ என்று பயப்பட அவளுக்குச் சந்தர்ப்பமே கிடைக்கவில்லை. போனால்தானே திரும்பி வர! தம் சகோதரி புற்றுநோயால் இறந்ததைக் கண்ட டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, சென்னை அடையாற்றில் அந்த நோய்க்கென்று ஓர் ஆஸ்பத்திரியை 1954-இல் பன்னிரண்டு படுக்கைகளோடு ஆரம்பித்து வைத்தார். அப்போது படுக்கை கிடைக்குமா, பிழைப்போமா என்பதுதான் கேள்வி. பிழைத்த பிறகு நாற்பது வருஷம் எதை நினைத்துக்கொண்டு தூங்குவது என்ற கேள்வி, பிழைக்கிறவர்கள் பெருகிய பிறகுதான் எழ முடியும். எங்கள் பயம் ஒரு விதத்தில் பணக்காரர்களின் கவலை மாதிரி. இருப்பதால் வந்தது.

ஐந்து வருஷம் முடிந்தபோது, 2018-இல், என் கணவர் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா வாங்கி வந்து தெரு முழுவதும் கொடுத்தார். 'ஐந்து வருஷம் தாண்டிவிட்டால் தப்பித்த மாதிரி' என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். பாங்கியில் உத்தியோகம் பார்ப்பவர்; தவணைக் காலம் முடிந்தால் கடன் தீர்ந்தது என்பதில் அவருக்கு அசைக்க முடியாத நம்பிக்கை. நானும் ஒரு துண்டு வாயில் போட்டுக்கொண்டேன். இனித்தது. ஆனால் அதற்கு முந்தின வருஷமே ஓர் ஆராய்ச்சியைப் பற்றிப் படித்துவிட்டிருந்தேன்.

கல்லூரியில் இரண்டு வருஷத்தோடு படிப்பை நிறுத்திக்கொண்டவள் நான். ஆனாலும் தன் உடம்பு சம்பந்தப்பட்ட விஷயம் என்றால் எந்தப் பாஷையும் புரிந்துவிடுகிறது. மார்பகப் புற்றில் பல ஜாதி உண்டு. சில, திரும்புவதானால் முதல் சில வருஷங்களுக்குள் திரும்பும். அதைத் தாண்டிவிட்டால் அபாயம் வெகுவாகக் குறைந்துவிடும். என்னுடையது ஹார்மோனைத் தின்று வளரும் ஜாதி. இது சாது. அவசரப்படாது. 88 ஆராய்ச்சிகளில் கலந்துகொண்ட 62,923 பெண்களின் விவரங்களை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்களாம். ஐந்து வருஷம் ஒரு தொந்தரவும் இல்லாமல் மாத்திரை சாப்பிட்டு முடித்தவர்களிலும், அடுத்த பதினைந்து வருஷத்தில் ஒரு பகுதியினருக்கு நோய் வேறு உறுப்பில் தலைகாட்டியது. ஆரம்பத்தில் கட்டி எத்தனை பெரிது, எத்தனை முடிச்சில் பரவியிருந்தது என்பதைப் பொறுத்து நூற்றுக்குப் பத்து முதல் நாற்பத்தொன்று வரை. என்னைப் போன்றவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருத்தி. அவர்களெல்லாம் பழைய நாள் சிகிச்சை பெற்றவர்கள், இன்றைய கணக்கு இதைவிட நன்றாகவே இருக்கும் என்று அதிலேயே எழுதியிருந்தது. அந்த வரியை நான் மூன்று தடவை படித்தேன். மனசில் தங்கியது என்னவோ 'ஐந்தில் ஒருத்தி'தான்.

பால்கோவா டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும் மனிதரிடம் இதையெல்லாம் சொல்ல முடியுமா?

லால்குடிப் பக்கம் எங்கள் அப்பாவுக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது. வயலில் கோரை முளைத்தால் அவர் முகம் சுருங்கும். ஆள் வைத்துப் பறிப்பார்; மேலே சுத்தமாகிவிடும். மண்ணுக்குள் கிழங்கு அறுந்து தங்கிவிடும். கோடை முழுவதும் நிலம் வெடித்துக் கிடக்கும்போது, கோரை என்று ஒன்று இருந்த அடையாளமே தெரியாது. வாய்க்காலில் தண்ணீர் வந்த ஒரு வாரத்தில் பச்சை ஊசி மாதிரி மேலே வரும். ஆனால் எல்லாத் தாக்கிலும் வராது. "அது கிழங்கைப் பொறுத்தது மட்டும் இல்லேம்மா, மண்ணையும் பொறுத்தது" என்பார் அப்பா. ஸ்டீபன் பேஜட் என்ற ஆங்கில வைத்தியர் 1889-இல் இதே விஷயத்தைத்தான் சொல்லியிருக்கிறார். மார்பகப் புற்றால் இறந்த பெண்களின் விவரங்களை ஆராய்ந்துவிட்டு, நோயின் விதை உடம்பெங்கும் சிதறினாலும் தனக்கு ஏற்ற மண்ணில்தான் முளைக்கிறது என்று எழுதினார். இன்றைய மருத்துவர்கள், அப்படிச் சிதறிய அணுக்கள் எலும்பு மாதிரியான இடங்களில் வருஷக்கணக்கில் தூங்கிக் கிடக்கலாம் என்கிறார்கள். சில விழிக்கின்றன, பல விழிப்பதே இல்லை. ஏன் விழிக்கின்றன என்பது இன்னும் முழுக்கப் பிடிபடவில்லை. படித்தபோது அப்பா ஞாபகம் வந்தது. அவருக்குப் பேஜட்டைத் தெரியாது. கோரையைத் தெரியும்.

வருஷத்துக்கு ஒரு முறை நான் பரிசோதனைக்காகச் சென்னை போகிறேன். திருச்சியில் ராத்திரி மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ் ஏறினால் விடியற்காலம் எழும்பூர். தம்பி வீட்டில் குளித்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனால், பெஞ்சியில் வழக்கமான முகங்கள் இருக்கும். அறந்தாங்கிப் பக்கத்திலிருந்து ஓர் அம்மாள் வருவாள். என்னைவிடப் பத்து வயது பெரியவள். ஒரே வாரத்தில் எங்கள் இருவருக்கும் முறை. கையில் எப்போதும் ஒரு தூக்குச்சட்டியில் முறுக்கு. டாக்டருக்கு, நர்சுகளுக்கு, எனக்கு.

"என்னம்மா, வாய்தா வாங்க வந்திட்டியா?" என்று முதல் தடவையே கேட்டாள்.

எனக்குப் புரியவில்லை.

"பின்னே என்ன? எங்க பங்காளி கேஸு இருவது வருசமா நடக்குது. போவோம், நிப்போம், அடுத்த தேதி குடுப்பாங்க, வந்திருவோம். தீர்ப்பும் இல்ல, தள்ளுபடியும் இல்ல. இதுவும் அதே மாதிரிதான். ஒரு வருசத்துக்கு வாய்தா வாங்கிட்டா முறுக்கைப் பிட்டுப் போட்டுக்கிட்டு ஊரு போய்ச் சேர வேண்டியதுதான்."

நான் இத்தனை வருஷமாகக் கதை எழுதுகிறேன். அந்த நிலைமைக்கு அவ்வளவு பொருத்தமான சொல் எனக்கு அகப்பட்டதில்லை. டாக்டர் உடம்பைத் தொட்டுப் பார்த்து, மாமோகிராம் படத்தைப் பார்த்து, "நல்லாயிருக்கீங்க, அடுத்த வருஷம் வாங்க" என்று சொல்லும்போதெல்லாம் நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்து, "வாய்தா" என்று சிரிப்போம்.

2022-இல் அவள் வரவில்லை. அதற்கு அடுத்த வருஷமும் வரவில்லை. தேதி மாறியிருக்கலாம். மகன் வேறு ஊர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போயிருக்கலாம். நர்சிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். நான் கேட்கவில்லை, இன்றுவரை கேட்கவில்லை. கேட்கப்போவதும் இல்லை.

2024 சித்திரையில் மாத்திரையை நிறுத்தினார்கள். டாமாக்ஸிஃபென், 20 மில்லிகிராம், தினம் ராத்திரி எட்டு மணிக்கு ஒன்று. முன்பெல்லாம் ஐந்து வருஷம்தான் கொடுப்பார்களாம். பத்து வருஷம் சாப்பிட்டால் நோய் திரும்புவது இன்னும் குறைகிறது என்று 2012-இல் தெரிந்த பிறகு என்னைப் போன்றவர்களுக்கு நீட்டினார்கள். அந்த மாத்திரையை நான் திட்டாத நாள் கிடையாது. திடீர் திடீரென்று உடம்பு கொதிக்கும். மார்கழிக் குளிரில் மின்விசிறியைச் சுழலவிட்டு வீட்டாரை நடுங்க வைப்பேன். "இனி வேண்டாம்" என்று டாக்டர் சொன்னபோது துள்ளிக் குதித்திருக்க வேண்டாமா? அன்று ராத்திரி எட்டு மணி அடித்தது. கை தானாக அலமாரிக்குப் போயிற்று. காலி டப்பா. வாசலில் இருந்த காவல்காரனைக் கணக்குத் தீர்த்து அனுப்பிவிட்டு, கதவைத் தாழிட்டு, உள்ளே உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது.

போன மார்கழியில் எனக்கு முதுகு வலி வந்தது.

முதுகு வலி எல்லாருக்கும் வருவதுதான். உங்களுக்கு வந்தால் தைலம் தேய்ப்பீர்கள். எனக்கு வந்தால், அது முதுகின் எந்த எலும்பு என்று விரல் வைத்து எண்ணுவேன். முதல் நாள் இடுப்புக்குச் சற்று மேலே. இரண்டாம் நாளும் அங்கேயே. ராத்திரி எல்லாரும் தூங்கிய பிறகு, படுத்தால் அதிகமாகிறதா, உட்கார்ந்தால் குறைகிறதா என்று எழுந்தும் படுத்தும் பரீட்சை நடத்துவேன். பக்கத்தில் என் கணவர், "தூக்கம் வரலையா?" என்பார். "கொசு" என்பேன். எழுந்து பேட்டால் இரண்டு கொசு அடித்துவிட்டுப் படுப்பார். பாவம், இல்லாத கொசுவை எத்தனை நாள் அடித்தார்!

டாக்டருக்குப் போன் செய்தேன். "ரெண்டு வாரம் பாருங்க. விடாம இருந்தாலோ, அதிகமாகிட்டே போனாலோ, ராத்திரி தூங்கவிடாம வலிச்சாலோ உடனே வாங்க" என்றாள்.

"இப்பவே ஒரு ஸ்கேன் எடுத்துட்டா என்ன டாக்டர்?"

அவள் பொறுமைசாலி. இத்தாலியில் நடந்த இரண்டு ஆராய்ச்சிகளைப் பற்றி எனக்கு முன்பே சொல்லியிருக்கிறாள், மறுபடி சொன்னாள். 1994-இல் வெளியானவை. சிகிச்சை முடிந்த பெண்கள் இரண்டாயிரத்து ஐந்நூறு பேருக்கு மேல். ஒரு பாதிப் பேருக்கு ஒரு தொந்தரவும் இல்லாதபோதே எலும்பு ஸ்கேன், மார்பு எக்ஸ்ரே என்று தவறாமல் எடுத்துக்கொண்டே வந்தார்கள். மற்றப் பாதிக்கு உடம்பைத் தொட்டுப் பார்ப்பதும் மாமோகிராமும் மட்டும். ஏதாவது தொந்தரவு என்று சொன்னால்தான் மேற்கொண்டு பரிசோதனை. கடைசியில் உயிரோடு இருந்தவர்களின் கணக்கில் இரண்டு பக்கமும் வித்தியாசம் இல்லை. "அவசியம் வந்தா நானே எடுக்கச் சொல்லுவேன். பயத்துக்காக எடுக்கறதுன்னா, அது எத்தனை நாள் தாங்கும்னு நீங்களே சொல்லுங்க" என்றாள்.

நான் மனசுக்குள் கணக்குப் பார்த்தேன். வாய்தா கிடைத்துத் திரும்பிய பிறகு எனக்கு முழு நிம்மதி இருப்பது ஏறக்குறைய மூன்று வாரம். ஸ்கேன் நேற்றைய நாளைப் பற்றித்தான் சொல்லும். என் கேள்வி நாளையைப் பற்றியது.

அந்தச் சமயம் பார்த்து ஒரு பத்திரிகை ஆசிரியர் கூப்பிட்டார். சித்திரையிலிருந்து ஒரு தொடர்கதை வேண்டும், ஐம்பத்திரண்டு வாரம். சிறுகதை கேட்டிருந்தால் உடனே சரி என்றிருப்பேன். அடுத்த பங்குனிவரை வாரம் தவறாமல் எழுதுவதாக வாக்குக் கொடுக்க வேண்டும் என்றதும் எனக்கு நாக்கு எழவில்லை. "யோசிச்சுச் சொல்றேன் சார்" என்றேன். யோசிப்பதற்கு என்ன இருக்கிறது என்று அவர் நினைத்திருப்பார். தொடர்கதை எழுதுகிறவர்களுக்கெல்லாம் கல்கியின் ஞாபகம் ஒன்று உண்டு. 1954 டிசம்பரில் அவர் காலமானபோது 'அமர தாரா' பாதியில் நின்றது. அவர் வைத்துவிட்டுப் போன குறிப்புகளைக் கொண்டு அவருடைய மகள் ஆனந்தி அதை எழுதி முடித்தார்.

தூக்கம் வராத ராத்திரிகளில் இன்னொரு நாவலாசிரியையையும் நினைத்துக்கொள்வேன். ஃபானி பர்னி என்ற ஆங்கில அம்மாள். பிரெஞ்சுக்காரரை மணந்து பாரிஸில் இருந்தபோது, 1811 செப்டம்பர் 30-ஆம் தேதி அவளுடைய மார்பகத்தை எடுத்தார்கள். மயக்க மருந்து கண்டுபிடிக்காத காலம். கொஞ்சம் மதுவைக் குடிக்கக் கொடுத்துவிட்டு, நெப்போலியனின் படை வைத்தியர் லார்ரே கத்தியை எடுத்தார். முழு நினைவோடு படுத்திருந்தாள். மாதக்கணக்கில் அதைப் பற்றி வாய் திறக்க முடியவில்லை. பிறகு தன் சகோதரிக்கு ஒரு கடிதம் எழுதத் தொடங்கினாள். முடிக்க மூன்று மாதம் ஆயிற்று. எழுதியதைத் திரும்பப் படித்துப் பார்க்கவும் அவளுக்குத் தைரியம் வரவில்லை. அப்போது அவளுக்கு ஐம்பத்தொன்பது வயது. அதன் பிறகு இருபத்தெட்டு வருஷத்துக்கு மேல் உயிரோடு இருந்து, 1840-இல் எண்பத்தேழாவது வயதில் இறந்தாள். அது புற்றுநோய்தானா என்றே இன்றைய மருத்துவர்களில் சிலர் சந்தேகப்படுகிறார்கள். பாருங்கள், இருநூறு வருஷம் கழித்தும் அத்தாட்சி கிடைத்தபாடில்லை!

எனக்கு அவளிடம் பிடித்தது கத்திக்கு முன் காட்டிய தைரியம் அல்ல. அதற்கு மூன்று வருஷம் கழித்து, 1814-இல், ஐந்து பாகத்தில் ஒரு நாவலை வெளியிட்டாள். ஐந்து பாகம்! அந்த நாவலைப் பற்றி விமரிசகர்கள் நல்ல வார்த்தை சொல்லவில்லை. அது கிடக்கட்டும்.

என் முதுகு வலியைப் பற்றி முதலில் பேசியது என் மாமியார்தான். யாரிடமும் நான் சொல்லவில்லை. குனிந்து நிமிரும்போது முகத்தைச் சுளித்ததை வைத்துக் கண்டுபிடித்துவிட்டார். "தினம் விடியக்காலம் இருபத்தோரு புள்ளி வச்சு ஒரு மணி நேரம் குனிஞ்சு கோலம் போட்டா முதுகு வலிக்காம பல்லா வலிக்கும்? நாளையிலேருந்து நாலு இழை இழுத்துட்டு உள்ள வா" என்றார். மார்கழி பிறந்த நாளாகத் தெருவில் எதிர்வீட்டோடு எனக்குக் கோலத்தில் ஒரு போட்டி இருந்தது வாஸ்தவம். நாலு இழை இழுத்துவிட்டு உள்ளே வந்தேன். பன்னிரண்டாம் நாள் வலி குறைந்தது. பதினைந்தாம் நாள் இல்லை.

வலி போயிற்று, ஆசிரியருக்குப் பதில் சொல்லும் தைரியம் மட்டும் வரவில்லை. பொங்கல் கழிந்து ஒரு நாள் ராத்திரி எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். "ஆசிரியர் மறுபடியும் கூப்பிட்டாராமே. என்ன சொன்னே?" என்று கேட்டார் என் கணவர்.

"பார்க்கலாம்னு சொன்னேன்."

"இதிலே பார்க்க என்ன இருக்கு?"

நான் ரசத்தைக் கரைத்துக்கொண்டிருந்தேன். என் மகள் கல்லூரியில் கடைசி வருஷம் படிக்கிறாள். எதையும் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவள். "உங்களுக்குப் புரியலையாப்பா? நடுவிலே அம்மாவுக்கு மறுபடியும் வந்துட்டா கதை என்ன ஆகும்னு அம்மாவுக்குக் கவலை" என்றாள்.

பன்னிரண்டு வருஷமாக எங்கள் வீட்டில் யாரும் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. மாமியாரின் கை சோற்றிலேயே நின்றது. மின்விசிறியின் சத்தம்கூடப் பெரிதாகக் கேட்டது.

"கல்கி கதையை அவர் பொண்ணு முடிச்சாங்க இல்லே? அதே மாதிரி நான் முடிச்சுடறேன்" என்றாள் அவளே. "ஆனா எனக்கு உன் அளவு பொறுமை கிடையாதும்மா. நாலே வாரத்திலே எல்லாருக்கும் கல்யாணம் பண்ணி வச்சுடுவேன்."

"வாயைக் கழுவுடி!" என்றார் மாமியார்.

"வில்லனுக்குமா?" என்று கேட்டார் என் கணவர். குரல் சரியாக இல்லை. ஆனால் கேட்டார். அப்புறம் நாங்கள் சிரித்தோம். மாமியார் மட்டும் கொஞ்ச நேரம் கழித்துச் சிரித்தார்.

அன்று ராத்திரி அவர் பேட்டைத் தேடவில்லை. "டாக்டரைப் பார்த்துட்டு நீ போன்லே 'ஒண்ணும் இல்லை'ன்னு சொல்றே பாரு, அதை நான் நம்பறதே இல்லை. மறுநாள் ஸ்டேஷன்லே நீ ரயிலை விட்டு இறங்கற வரைக்கும். முகத்தைப் பார்த்தாத்தான்" என்றார். நான் அந்த 'ஐந்தில் ஒருத்தி' கணக்கைச் சொன்னேன். அவர் வெகு நேரம் பேசாமல் இருந்துவிட்டு, பாங்கிக்காரர் பாங்கிக்காரராகவே, "நூத்துக்கு எண்பதுன்னா நாங்க கடன் கொடுத்துடுவோம்" என்றார்.

தொடர்கதை சித்திரையில் ஆரம்பித்தது. இப்போது பதினேழாவது வாரம் வெளியாகியிருக்கிறது. மேசை இழுப்பறையில் ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறேன். யார் யாருக்கு என்ன உறவு, எந்த ரகசியம் எப்போது வெளிப்பட வேண்டும், கடைசியில் கதாநாயகி எந்த ஊருக்குப் போகிறாள் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. முன்பெல்லாம் இப்படி எழுதி வைத்துக்கொள்கிற வழக்கம் எனக்கு இல்லை. போன வாரம் எடுத்துப் பார்த்தேன். கதாநாயகியின் கல்யாணத்தைப் பற்றிய பக்கத்தில் பென்சிலால் குறுக்கே ஒரு கோடு. ஓரத்தில் என் மகளின் கையெழுத்தில், 'இவனையா? வேண்டவே வேண்டாம்.'